அகமதாபாத் மரபு நடை

அகமதாபாத் மரபு நடை என்பது இந்தியாவின் குஜராத் மாநிலத்திலுள்ள அகமதாபாத் நகரின் பழைய மதிலக நகரப் பகுதியில் வழிகாட்டியுடன் மேற்கொள்ளப்படும் நடைச் சுற்றுலா ஆகும். அகமதாபாத் மாநகராட்சி இதனை 1997ஆம் ஆண்டு நவம்பர் 19ஆம் நாள் தொடங்கியது. காலுப்பூர் சுவாமிநாராயண் கோயிலில் தொடங்கி ஜாமா மசூதியில் நிறைவடைவதால் இது "கோயிலிலிருந்து மசூதிக்கு" என்ற பொருள்படும் பெயராலும் அறியப்படுகிறது. ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளமுள்ள இப்பாதை, "போள்" எனப்படும் பழைய குடியிருப்புத் தொகுதிகளின் ஊடாகச் செல்கிறது.

இந்தியாவின் பெரும்பாலான நகரங்களில் மரபுச் சுற்றுலா என்பது கோட்டை, அரண்மனை, வழிபாட்டிடம் போன்ற தனித்த நினைவுச் சின்னங்களைச் சார்ந்தே அமைந்திருந்தது. இந்நடை, மக்கள் இன்றும் வாழ்ந்து வரும் தெருக்களையும் வீடுகளையும் மையமாகக் கொண்டது. வருவாய் ஈட்டுவதைக் காட்டிலும், இடிபட்டுக்கொண்டிருந்த வீடுகளின் மதிப்பை நகர மக்களுக்கும் நிர்வாகத்துக்கும் உணர்த்துவதே இதன் முதன்மை நோக்கமாக இருந்தது. 2017ஆம் ஆண்டில் அகமதாபாத், இந்தியாவிலிருந்து யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்ற முதல் நகரமாக ஆனதற்கு முன்னோடியாக அமைந்த முயற்சிகளுள் இதுவும் ஒன்று.

பின்னணி

அகமதாபாத் நகரம் 1411ஆம் ஆண்டில் குஜராத் சுல்தான் முதலாம் அகமது சாவால் சபர்மதி ஆற்றின் கிழக்குக் கரையில் நிறுவப்பட்டது. ஆற்றை ஒட்டிப் பத்ரா கோட்டையும், அதற்குக் கிழக்கே ஜாமா மசூதியும் சந்தைகளும் அமைந்தன. அரச மையத்தைச் சுற்றி வணிகர்களும் கைவினைஞர்களும் குடியேறினர். 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் சுல்தான் மகமூது பேகடா காலத்தில் நகரைச் சுற்றி ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர் சுற்றளவுள்ள மதில் எழுப்பப்பட்டதாகக் கூறப்படுகிறது. மதிலின் பெரும்பகுதி 20ஆம் நூற்றாண்டில் இடிக்கப்பட்டுவிட்ட போதிலும், அதன் வாயில்கள் பல இன்றும் நிலைத்துள்ளன.

குஜராத் சுல்தானகத்துக்குப் பின்னர் முகலாயரும், 18ஆம் நூற்றாண்டில் மராட்டியரும் நகரை ஆண்டனர். அந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் சில காலம் முகலாயரும் மராட்டியரும் நகரைப் பங்கிட்டு ஆண்டனர். கொள்ளையும் கலகமும் மலிந்த அக்காலத்தில், வாயில் வைத்து அடைக்கக்கூடிய குடியிருப்புகளின் தேவை மிகுந்தது. 1817-18 அளவில் நகரம் பிரித்தானியக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிக்குள் வந்தது.

1861ஆம் ஆண்டில் ரஞ்சோட்லால் சோட்டாலால் என்பவரின் முயற்சியால் நகரின் முதல் பஞ்சாலை இயங்கத் தொடங்கியது. ஆலைத் தொழில் வளர வளர நகரம் மதிலுக்கு வெளியே விரிந்தது. 1892ஆம் ஆண்டில் சபர்மதியின் மீது எல்லிஸ் பாலத்தின் இரும்புக் கட்டமைப்பு நிறைவுற்ற பின்னர் மேற்குக் கரைக்குச் செல்வது எளிதாயிற்று. 20ஆம் நூற்றாண்டில் வசதி படைத்த குடும்பங்கள் பல ஆற்றின் மேற்கே புதிய மனைகளில் குடியேறின. பழைய வீடுகள் பூட்டப்பட்டன, அல்லது வாடகைக்கு விடப்பட்டன, அல்லது கிடங்குகளாயின. செதுக்கு வேலைப்பாடு கொண்ட தூண்களும் கதவுகளும் பெயர்த்தெடுக்கப்பட்டுப் பழம்பொருள் வணிகர்களுக்கு விற்கப்பட்டன. மரபு நடை தோன்றிய காலத்தில் பழைய நகரின் நிலை இதுவே ஆகும்.

போள்

போள் என்பது ஒரே வாயிலைக் கொண்ட குடியிருப்புத் தொகுதி ஆகும். வாயில் என்னும் பொருளுடைய "பிரதோலி" என்ற வடமொழிச் சொல்லிலிருந்து இப்பெயர் தோன்றியது என்பர். வாயிலுக்கு உட்புறம் ஒரு முதன்மைத் தெருவும், அதிலிருந்து கிளைக்கும் குறுகிய சந்துகளும், அச்சந்துகளின் முடிவில் சிறு முற்றங்களும் இருக்கும். பெரும்பாலான சந்துகள் மறுபக்கம் வழியற்றவை. முன்னாளில் இரவில் வாயில் அடைக்கப்பட்டுக் காவலர் அமர்த்தப்பட்டனர்.

ஒரு போளில் வழக்கமாக ஒரே சாதியை, சமயத்தை அல்லது தொழிலைச் சேர்ந்த குடும்பங்கள் வாழ்ந்தன. வாயில் பழுது, துப்புரவு, விழா முதலிய பொதுச் செயல்களைப் போளின் பஞ்சாயத்து கவனித்தது. வீட்டை வெளியாருக்கு விற்பதற்கும் பஞ்சாயத்தின் இசைவு வேண்டியிருந்தது. மதிலக நகரில் சிறியதும் பெரியதுமாக ஏறத்தாழ 600 போள்கள் உள்ளதாகக் கணக்கிடப்படுகிறது.

போள்களில் பொதுவாகக் காணப்படும் கூறுகள்:

- வாயில்: இதன் மேல் பெரும்பாலும் ஓர் அறை இருக்கும். காவலர் தங்குவதற்கும் வெளியிலிருந்து வருவோரைக் கவனிப்பதற்கும் இது பயன்பட்டது.
- சபூத்தரோ: தூணின் மேல் அமைந்த பறவை ஊட்டுமேடை. புறா, கிளி, சிட்டுக்குருவி ஆகியவற்றுக்கு இதில் தானியம் இடப்படுகிறது. மரங்கள் குறைந்த நெருக்கமான குடியிருப்பில் பறவைகளுக்கு உணவளிப்பது அறமாகக் கருதப்பட்டது.
- கோயில்: இந்துக் கோயிலோ சமணக் கோயிலோ இருக்கும். பல கோயில்கள் வெளியிலிருந்து பார்க்க வீட்டைப் போன்றே தோன்றும்.
- கிணறு: பொதுக் கிணறு அமைந்த சிறு சதுக்கம்.
- கரும்பலகை: இறப்பு, கூட்டம், விழா பற்றிய அறிவிப்புகளை எழுதும் பலகை.
- மறைவழி: ஒரு போளிலிருந்து அடுத்த போளுக்குச் செல்லும் வழி. வெளியார் பார்வைக்கு இது ஒரு வீட்டுக் கதவாகவே தெரியும்.

போள் வீடு

போள் வீடுகள் முகப்பில் குறுகியும் உள்ளே நீண்டும் இருப்பவை. தெருவை ஒட்டித் திண்ணையைப் போன்ற "ஓட்லோ" என்னும் மேடை இருக்கும். அதனைக் கடந்து உள்ளே சென்றால் "சௌக்" எனப்படும் திறந்த முற்றம் வரும். முற்றத்தைச் சுற்றி அறைகள் இரண்டு அல்லது மூன்று மாடிகளாக அமைந்திருக்கும். பக்கத்து வீட்டுடன் சுவர் பொதுவாக இருப்பதால் பக்கவாட்டில் சாளரங்கள் இல்லை. ஒளியும் காற்றும் முற்றத்தின் வழியாகவே வீட்டினுள் வருகின்றன. மேல் மாடிகள் தெருவின் பக்கம் சற்றே முன்தள்ளிக் கட்டப்பட்டிருப்பதால், குறுகிய சந்தில் பகலின் பெரும்பகுதியில் நிழல் விழுகிறது. கோடையில் வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டும் நகரில் இவ்வமைப்பு இன்றியமையாததாக இருந்தது.

முற்றத்தின் அடியில் "டாங்கா" என்னும் நிலத்தடித் தொட்டி கட்டப்பட்டது. கூரையில் விழும் மழைநீர் குழாய் வழியாக இதில் சேர்ந்தது. முதல் மழையின் நீரை வெளியேற்றிவிட்டு, கூரை கழுவப்பட்ட பின்னர் வரும் நீரையே தொட்டிக்குள் விடுவர். சுண்ணாம்பு பூசப்பட்ட இத்தொட்டி நீர், ஒரு குடும்பத்தின் ஆண்டு முழுவதற்குமான குடிநீராகப் பயன்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மாநகரில் குழாய் நீர் வழங்கல் தொடங்கிய பின்னர் தொட்டிகளின் பயன்பாடு படிப்படியாகக் குறைந்தது.

கட்டுமானத்தில் மரச் சட்டகமும் செங்கல்லும் இணைந்து பயன்படுத்தப்பட்டன. தூண், உத்தரம், சுவருக்குள் கிடையாகப் பதிக்கப்பட்ட கட்டைகள் ஆகியவை ஒன்றோடொன்று பொருத்தப்பட்டுள்ளன. நிலம் அதிரும்போது மரப் பொருத்துகள் சற்றே அசைந்து ஆற்றலை உள்வாங்குவதால் சுவர் ஒரேயடியாகச் சரிவதில்லை. 2001ஆம் ஆண்டு சனவரி 26ஆம் நாள் கச்சுப் பகுதியில் ஏற்பட்ட நிலநடுக்கத்தின்போது அகமதாபாத் நகரில் 700க்கும் மேற்பட்டோர் இறந்தனர். தரைத்தளத்தை வாகன நிறுத்தத்துக்காகத் தூண்கள் மட்டும் வைத்துத் திறந்துவிட்ட புதிய பைஞ்சுதை அடுக்குமாடிகள் பல அப்போது இடிந்து விழுந்தன. மரச் சட்டகம் கொண்ட பழைய வீடுகள் பொதுவாகக் குறைந்த சேதத்துடன் தப்பின. பழையது என்பதாலேயே ஒரு வீடு ஆபத்தானது என்ற எண்ணத்துக்கு இது முரணாக அமைந்தது.

தோற்றம்

1996ஆம் ஆண்டில் அகமதாபாத் மாநகராட்சி தனக்கென ஒரு மரபுப் பிரிவை ஏற்படுத்தியது. இந்திய உள்ளாட்சி அமைப்புகளில் இத்தகைய பிரிவை அமைத்தவற்றுள் இது முன்னோடி ஆகும். நகரத்து மரபுக் கட்டிடக்கலையின் பாதுகாப்பு, ஆய்வு ஆகியவற்றுக்காக இயங்கிய குரூட்டா அறக்கட்டளை மாநகராட்சிக்குத் துணைநின்றது. அவ்வறக்கட்டளையைச் சேர்ந்த கட்டிடக்கலைஞர் தேபாசிஷ் நாயக் நடையின் பாதையை வடிவமைப்பதில் முதன்மைப் பங்காற்றினார். கொல்கத்தாவில் மரபு நடைகளை நடத்திய பட்டறிவு அவருக்கு முன்னரே இருந்தது.

மாநகராட்சியிடம் அப்போது ஆயிரக்கணக்கான தனியார் வீடுகளைப் பழுதுபார்க்கும் நிதி இல்லை. அவ்வீடுகளின் உரிமையாளர்களைக் கட்டாயப்படுத்தும் சட்ட வலிமையும் போதிய அளவில் இல்லை. நடைக்கோ புதிய கட்டுமானம் எதுவும் தேவைப்படவில்லை. ஒரு வழிகாட்டி, ஒரு பாதை, சில பெயர்ப் பலகைகள் ஆகியவை போதுமானவையாக இருந்தன. வெளியூரிலிருந்து வருவோர் நாள்தோறும் ஒரு வீட்டின் முன் நின்று அதன் தூணை வியந்து பார்ப்பதை அவ்வீட்டார் காணும்போது, அத்தூணை விற்பதற்கு முன் ஒருமுறை சிந்திப்பர் என்பதே இத்திட்டத்தின் அடிப்படைக் கருத்து ஆகும். நடை தொடங்கிய நவம்பர் 19, உலக மரபு வாரத்தின் முதல் நாளாகும்.

நடைமுறை

நடை காலை எட்டு மணியளவில் சுவாமிநாராயண் கோயில் வளாகத்தில் தொடங்குகிறது. நகரின் வரலாறு பற்றிய சிறு படக்காட்சிக்குப் பின்னர், குழு வழிகாட்டியுடன் புறப்பட்டு ஏறத்தாழ 10.30 மணியளவில் ஜாமா மசூதியை அடைகிறது. காலை வேளை தெரிவு செய்யப்பட்டதற்குக் காரணம் உண்டு. கடைகள் திறப்பதற்கு முன் தெருக்களில் நெரிசல் குறைவு, வெயிலும் குறைவு. தண்ணீர் பிடித்தல், பறவைகளுக்குத் தானியம் இடுதல், கோயில் வழிபாடு போன்ற அன்றாட நிகழ்வுகளையும் அவ்வேளையில் காணலாம்.

வழிபாட்டிடங்களில் காலணிகளைக் கழற்ற வேண்டும். சில கோயில்களில் ஒளிப்படம் எடுக்க இசைவில்லை. வீடுகள் தனியாருக்குரியவை ஆதலால் உரிமையாளர் அழைத்தாலன்றி உள்ளே செல்வது வழக்கமன்று.

பாதை

நடைப் பாதையில் ஏறத்தாழ இருபது நிறுத்தங்கள் உள்ளன. முதன்மையானவை வருமாறு.

சுவாமிநாராயண் கோயில், காலுப்பூர்

சுவாமிநாராயண் சம்பிரதாயத்தின் முதல் கோயில் இதுவாகும். அச்சம்பிரதாயத்தை நிறுவிய சுவாமிநாராயணரே 1822ஆம் ஆண்டில் இங்கு நர நாராயணர் திருவுருவத்தை நிறுவினார். கோயிலுக்கான நிலம் பிரித்தானிய ஆட்சியாளர்களால் வழங்கப்பட்டது. பர்மாத் தேக்கில் செதுக்கி வண்ணம் தீட்டப்பட்ட தூண்களும் தாங்கிகளும் இதன் சிறப்பாகும். போள் வீடுகளில் எளிய அளவில் காணப்படும் மரவேலை இங்கு முழு அளவில் காணப்படுவதால், நடைக்கு இது ஏற்ற தொடக்கமாக அமைகிறது.

கவி தல்பத்ராம் சதுக்கம்

லம்பேசுவர் போளில் குஜராத்திக் கவிஞர் தல்பத்ராம் (1820-1898) வாழ்ந்த வீடு இருந்தது. பழைய வீடு இப்போது இல்லை. அதே இடத்தில் வீட்டின் முகப்பு மட்டும் மீளக் கட்டப்பட்டு, அதன் முன்னே கவிஞரின் அமர்ந்த நிலையிலான வெண்கலச் சிலை வைக்கப்பட்டுள்ளது. தல்பத்ராம், ஆங்கில அதிகாரியான அலெக்சாண்டர் கின்லாக் ஃபோர்ப்சுடன் இணைந்து பணியாற்றியவர். ஃபோர்ப்சு 1848ஆம் ஆண்டில் நிறுவிய குஜராத் வட்டாரமொழிக் கழகம், குஜராத்தி மொழியில் நூல்களும் இதழும் வெளிவரத் துணைபுரிந்தது.

காலிக்கோ குவிமாடம்

ரிலீஃப் சாலையில் காலிக்கோ ஆலையின் துணிக்கடைக்காக 1960களில் கௌதம் சாராபாய், கிரா சாராபாய் ஆகியோர் வடிவமைத்த குவிமாடம் இது. அமெரிக்க வடிவமைப்பாளர் பக்மின்சுட்டர் ஃபுல்லரின் முக்கோணச் சட்டகக் குவிமாடங்களைப் பின்பற்றி அமைக்கப்பட்டது. ஆலை மூடப்பட்ட பின்னர் குவிமாடம் சிதைந்து இடிந்து விழுந்தது. பாதுகாக்கப்பட வேண்டிய மரபு என்பது தொன்மையானவற்றை மட்டும் குறிப்பதன்று என்பதற்கு எடுத்துக்காட்டாக இது பாதையில் சேர்க்கப்பட்டுள்ளது.

ஹாஜா படேல் போள்

இங்கு காலா ராம்ஜி கோயிலும் சாந்திநாதர் சமணக் கோயிலும் உள்ளன. காலா ராம்ஜி கோயில் ஒரு வீட்டின் அமைப்பிலேயே உள்ளது. இராமரின் கருநிறத் திருவுருவத்தால் இப்பெயர் பெற்றது. சாந்திநாதர் கோயில் மரச் செதுக்கு வேலைப்பாட்டுக்குப் பெயர் பெற்றது.

குவாவாலோ காஞ்சோ

தோஷிவாடா போளைச் சேர்ந்த இவ்விடத்தின் பெயருக்குக் "கிணறு உள்ள மூலை" என்பது பொருள். சிறு சதுக்கத்தைச் சுற்றியுள்ள வீடுகளின் முகப்புகள் வெவ்வேறு காலத்தவை. முகலாயர், மராட்டியர், ஐரோப்பியர் ஆகியோரின் கட்டிடப் பாணிகளை ஒரே இடத்தில் நின்று ஒப்பிட்டுப் பார்க்க இயலும். ஒரு வீட்டில் பூக்கொடி செதுக்கிய மரத் தாங்கியும், அடுத்த வீட்டில் ஐரோப்பியத் தூண் தலைப்பும் காணப்படுகின்றன. ஆட்சி மாறியபோதெல்லாம் வீட்டின் உள்ளமைப்பு மாறாமல் முகப்பின் அணிவேலை மட்டும் மாறியதை இது காட்டுகிறது.

இதனை அடுத்து, சாந்திநாதர் போளில் மேலே குறிப்பிட்ட மறைவழிகளுள் ஒன்றின் ஊடாகக் குழு செல்கிறது.

ஜவேரி வாட்

"ஜவேரி" என்பது நகை வணிகரைக் குறிக்கும். இப்பகுதியில் சமண வணிகக் குடும்பங்கள் வாழ்ந்தன. முகலாய அரசவைக்கு நகை வழங்கியவரும் 17ஆம் நூற்றாண்டில் நகர வணிகர்களின் தலைவராக விளங்கியவருமான சாந்திதாஸ் ஜவேரி அகமதாபாத்தைச் சேர்ந்தவர். சம்பவநாதர், சௌமுகர், அட்டாபதர் முதலிய சமணக் கோயில்கள் இப்பகுதியில் நெருக்கமாக அமைந்துள்ளன. "சௌமுகம்" என்பது நான்கு திசைகளையும் நோக்கிய தீர்த்தங்கரர் உருவத்தைக் குறிக்கும்.

ஹர்குன்வர் சேட்டாணி மாளிகை

செல்வ வணிகர் ஹதீசிங்கின் மனைவியான ஹர்குன்வரின் இல்லம் இது. ஹதீசிங் தொடங்கிய சமணக் கோயிலை, அவர் மறைந்த பின்னர் 1848ஆம் ஆண்டில் கட்டி முடித்தவர் இவரே. அக்கோயில் தில்லி வாயிலுக்கு வெளியே உள்ளது. அறுபது அறைகள் கொண்டதாகக் கூறப்படும் இம்மாளிகையின் முகப்பிலுள்ள பெரிய மரத் தாங்கிகள் குறிப்பிடத்தக்கவை.

பெர்னாண்டஸ் பாலமும் சாந்தலா ஓளும்

காந்தி சாலையின் கீழ்ப்பகுதியான இப்பாலத்தினடியில் "சோப்டா பஜார்" எனப்படும் புத்தகச் சந்தை உள்ளது. சோப்டா என்பது கணக்கேட்டைக் குறிக்கும். தீபாவளியன்று புதிய கணக்கேடுகளை வைத்து வழிபடுவது குஜராத்தி வணிகர்களின் வழக்கம். "ஓள்" என்பது ஒரே வகைப் பொருள் விற்கும் கடைகள் வரிசையாக உள்ள தெருவாகும். சாந்தலா ஓள் நெற்றிப் பொட்டின் பெயரால் அமைந்தது. இதனை அடுத்துள்ள முகூர்த்தப் போள், நகரின் முதல் போளாக மரபுவழி கருதப்படுகிறது.

மாணிக் சௌக்

நகரின் பழமையான சந்தைச் சதுக்கம் இது. மாணிக்நாத் என்னும் துறவியின் பெயரால் அமைந்தது. மதில் கட்டப்பட்டபோது அவர் பகலில் பாய் முடைந்து இரவில் அதனைப் பிரித்தார் என்றும், அவர் பிரிக்கும்போதெல்லாம் அன்றைய மதில் சரிந்தது என்றும் ஒரு கதை வழங்குகிறது. இச்சதுக்கம் நாளின் வெவ்வேறு வேளைகளில் வெவ்வேறு பயன்பாட்டில் உள்ளது. காலையில் காய்கறிகளும், பகலில் தங்கம், வெள்ளி நகைகளும், இரவில் உணவு வகைகளும் விற்கப்படுகின்றன.

1894ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட அகமதாபாத் பங்குச் சந்தையின் பழைய கட்டிடமும் இங்கு உள்ளது. பம்பாய்ப் பங்குச் சந்தைக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது பழமையான பங்குச் சந்தையாக விளங்கிய இது, 2018ஆம் ஆண்டில் அங்கீகாரத்திலிருந்து விலகியது.

கல்லறைகளும் ஜாமா மசூதியும்

மாணிக் சௌக்கின் ஒருபுறம் "ராணி நோ ஹஜிரோ" எனப்படும் அரசியர் கல்லறைகளும், மறுபுறம் "பாத்ஷா நோ ஹஜிரோ" எனப்படும் அரசர் கல்லறையும் உள்ளன. அரசர் கல்லறையில் முதலாம் அகமது சா, அவர் மகன், பேரன் ஆகியோர் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். அரசியர் கல்லறையைச் சுற்றி மகளிர் ஆடை, அணிகலன் கடைகள் நிறைந்துள்ளன.

நடை நிறைவுறும் ஜாமா மசூதி 1424ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது. தொழுகைக் கூடத்தில் 260 தூண்கள் 15 குவிமாடங்களைத் தாங்கி நிற்கின்றன. தூண்கள், தாங்கிகள், செதுக்கல்கள் ஆகியவற்றில் குஜராத்தின் இந்து, சமணக் கோயில் கட்டிடக்கலையின் தாக்கம் தெளிவாகத் தெரிகிறது. முகப்பின் இருபுறமும் இருந்த உயர்ந்த கோபுரங்கள் 1819ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் சரிந்தன. அவற்றின் அடிப்பகுதி மட்டும் எஞ்சியுள்ளது. நெருக்கமான சந்துகளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நடந்துவரும் குழு, மசூதியின் பரந்த முற்றத்தில் முதன்முறையாகத் திறந்த வெளியைக் காண்கிறது.

தாக்கம்

நடை தொடங்கிய பின்னர் மாநகராட்சி பறவை ஊட்டுமேடைகள், வாயில்கள், சதுக்கங்கள் ஆகியவற்றைச் செப்பனிட்டது. பிரான்சு அரசின் தொழில்நுட்ப ஒத்துழைப்புடன் பழைய நகரின் வீடுகள் ஆய்வு செய்யப்பட்டன. தனியார் வீடுகளைப் பழுதுபார்க்கக் கடனுதவி வழங்கும் முயற்சிகளும் மேற்கொள்ளப்பட்டன. சில வீடுகள் செப்பனிடப்பட்டு விருந்தினர் இல்லங்களாகவும் பண்பாட்டு மையங்களாகவும் மாறின.

2011ஆம் ஆண்டில் மதிலக நகரம் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2017ஆம் ஆண்டு சூலை மாதம் போலந்தின் கிராக்கோவ் நகரில் கூடிய உலக மரபுக் குழு, "அகமதாபாத் வரலாற்று நகரம்" என்ற பெயரில் ஏறத்தாழ 536 எக்டேர் பரப்பை உலக மரபுக் களமாக அறிவித்தது. இப்பரப்பில் இந்தியத் தொல்லியல் ஆய்வகத்தின் பாதுகாப்பிலுள்ள 28 நினைவுச் சின்னங்களும், மாநகராட்சியின் மரபுப் பிரிவு பட்டியலிட்ட 2,696 கட்டிடங்களும் அடங்கும். பட்டியலிடப்பட்டவற்றுள் பெரும்பாலானவை தனியார் குடியிருப்பு வீடுகள் ஆகும். நினைவுச் சின்னங்களைப் போன்றே வீடுகளும் மரபு எனக் கருதப்பட்டதே இப்பட்டியலின் சிறப்பாகும். மரபு நடை இருபது ஆண்டுகளாக வலியுறுத்தி வந்ததும் இதுவே.

சிக்கல்களும் விமர்சனங்களும்

உலக மரபுத் தகுதி கிடைத்த பின்னரும் போள்களின் அடிப்படைச் சிக்கல்கள் தொடர்கின்றன.

- உரிமை: பல வீடுகள் பல தலைமுறை வாரிசுகளுக்குப் பொதுவானவை. பழுதுபார்க்கவோ விற்கவோ அனைவரின் இசைவும் தேவைப்படுவதால் எதுவும் செய்யப்படாமலே வீடு சிதைகிறது.
- வாடகை: நெடுங்காலத்துக்கு முன் நிர்ணயிக்கப்பட்ட குறைந்த வாடகையில் குடியிருப்போர் உள்ளனர். இதனால் உரிமையாளர் செலவு செய்ய முன்வருவதில்லை.
- வணிகமயம்: வீட்டை இடித்துக் கடை வளாகமோ கிடங்கோ கட்டினால் வருவாய் மிகுதி. ஒரு வீடு இடிக்கப்படும்போது பொதுச் சுவரைப் பகிரும் அண்டை வீடுகளும் வலுவிழக்கின்றன.
- செலவு: தேக்கு மரத்தின் விலையும், மரபு முறை அறிந்த தச்சர்களின் குறைவும் சீரமைப்பைக் கடினமாக்குகின்றன.
- போக்குவரத்து: நடப்பதற்கென அமைந்த சந்துகளில் இருசக்கர வாகனங்கள் நிறைந்துள்ளன.

இவற்றுக்குத் தீர்வாக, மாற்றத்தக்க கட்டுமான உரிமை என்னும் முறை கொண்டுவரப்பட்டது. பட்டியலிடப்பட்ட வீட்டின் உரிமையாளர், தம் மனையில் சட்டப்படி கட்டக்கூடிய, ஆனால் மரபு விதிகளால் கட்ட இயலாத பரப்புக்கான உரிமையை நகரின் வேறு பகுதியில் கட்டுவோருக்கு விற்கலாம். அத்தொகையைக் கொண்டு தம் வீட்டைச் செப்பனிட வேண்டும். உரிமை ஆவணங்கள் தெளிவாக உள்ளவர்களே இதனால் எளிதில் பயன்பெற முடியும்.

நடையின் பாதை குறித்தும் விமர்சனம் உண்டு. "கோயிலிலிருந்து மசூதிக்கு" என்ற பெயர் சமய நல்லிணக்கத்தை உணர்த்துகிறது. எனினும், பாதையின் குடியிருப்புப் பகுதி ஏறத்தாழ முழுவதும் இந்து, சமணப் போள்களையே கொண்டுள்ளது. இசுலாமிய மரபு மசூதி, கல்லறை ஆகிய நினைவுச் சின்னங்களாக மட்டுமே தோன்றுகிறது. ஜமால்பூர் முதலிய பகுதிகளில் முசுலிம்கள் வாழும் பழைய குடியிருப்புகள் இப்பாதையில் இல்லை. 1969, 1985, 2002 ஆகிய ஆண்டுகளில் கடும் வகுப்புக் கலவரங்களைக் கண்ட நகரில், இருசாராரும் வாழும் தெருக்களைக் காட்டும் பாதைகள் தேவை என்பது இவ்விமர்சனத்தின் சாரம் ஆகும்.

மற்றொரு விமர்சனம் குடியிருப்போரைப் பற்றியது. வீட்டின் முகப்பைப் பார்ப்பவருக்கு அதன் செதுக்கல் தெரிகிறது. அதனுள் வாழ்பவருக்குக் கழிவுநீர் வசதியும் வாகன நிறுத்தமும் முதன்மையாகத் தெரிகின்றன. போள்களில் குடும்பங்கள் வாழ்வதற்கேற்ற வசதிகள் பெருகாவிடில், முகப்புகள் எஞ்சினாலும் போள் என்னும் சமூக அமைப்பு எஞ்சாது என நகரத் திட்டமிடலாளர்கள் சுட்டிக்காட்டுகின்றனர்.

பிற நடைகள்

காலை நடையைத் தவிர, பழைய நகரில் மாலையிலும் இரவிலும் தனியார் அமைப்புகளால் நடைகள் நடத்தப்படுகின்றன. சீதி சையத் மசூதிக்கு எதிரே, 1924ஆம் ஆண்டில் கட்டப்பட்ட மங்கள்தாஸ் கிர்தர்தாஸ் மாளிகையில் இயங்கும் மரபு விடுதி இரவு நடைகளை நடத்தி வந்துள்ளது. மகாத்மா காந்தியுடனும் விடுதலைப் போராட்டத்துடனும் தொடர்புடைய இடங்கள், உணவு, கைவினை ஆகியவற்றை மையமாகக் கொண்ட நடைகளும் நடைபெறுகின்றன.

இவற்றையும் பார்க்க

- அகமதாபாத்
- குஜராத் சுல்தானகம்
- சபர்மதி ஆறு
- சீதி சையத் மசூதி
- ஹதீசிங் சமணக் கோயில்
- 2001 குஜராத் நிலநடுக்கம்
- இந்தியாவிலுள்ள உலக மரபுக் களங்கள்